அந்தோனி பதின்மூன்று

லண்டனிலிருந்து உதயணன் தொலைபேசியில், "அக்கா, அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்று விம்மியபோது, பிடித்துக்கொண்டு போகப்பட்ட அந்த அம்மா கொன்ஸ்ரன்ஸின் கடைக்குள்ளேதான் நின்றார். அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியில் தன்னுடைய முகம் சட்டியின் அடிபோலக் கறுத்து விழுந்திருக்கிறது, இதைக் கொண்டுபோய்ப் பதிவுக்கு எந்தப் பொலிசிடம் கொடுப்பது என்று மெஷினோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

கொன்ஸ்ரன்ஸ் ரிசீவரைக் காதில் வைத்தபடி சரோஜினிதேவியை ஏற இறங்கப் பார்த்தாள். ஆள் முழுசாக இருந்தார். குடை இருந்தது, கைப்பை இருந்தது, கோபமும் குறைவில்லாமல் இருந்தது.

"தம்பி, அழாதீங்க. அம்மா இங்கதான் நிக்கிறாங்க."

"இல்லையக்கா. எனக்கு ஈமெயில் வந்திருக்கு. அம்மாவின்ர ஈமெயிலில இருந்தே வந்திருக்கு. கொம்மா எங்களிட்ட இருக்கிறா, ஆருக்கும் சொல்லாதை, காசோட ஆயத்தமா இரு எண்டு. வீட்டுக்கு அடிச்சுப் பாத்தன், ஒருத்தரும் எடுக்கேல்லை. வேலையை விட்டிட்டு பாங்குக்கு முன்னால நிக்கிறன்."

கொன்ஸ்ரன்ஸ் ரிசீவரை நீட்டினாள். "உங்கட மகன். நீங்க காணாமப் போயிட்டீங்களாம்."

சரோஜினிதேவி வாங்கிக் கதைத்தார். நான் இஞ்சதான் ராசா நிக்கிறன் என்று எத்தனை தரம் சொல்லியும் மகன் நம்பவில்லை. பக்கத்தில் நின்று யாரோ சொல்லவைக்கிறார்கள் என்றே நினைத்தான். கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "வேலை நேரத்தில வேலையை விட்டிட்டு றோட்டில நிக்கிறியோ? உன்ர தேப்பனும் இப்பிடித்தான், ஆர் என்ன சொன்னாலும் நம்புற மனுசன்" என்று ஏசத் தொடங்கினார். அந்த ஏச்சில்தான் உதயணன் இது அம்மாவே என்று நம்பினான்.

ரிசீவரை வைத்த பிறகுதான் அவர் உட்கார இடம் தேடினார். கொன்ஸ்ரன்ஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, வாசலில் நின்ற ஒரு பெடியனைச் சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு, தானும் ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் ஆள் பிடிபடுவது ஒரு புதிய செய்தி அல்ல. வியாபாரம் செய்கிறவர்கள் பெயர்ப்பலகையிலிருந்து தங்கள் பெயரை எடுத்துவிட்டு, மகாலக்ஷ்மி, சரஸ்வதி என்று தெய்வங்களை முன்னுக்கு விட்டிருந்தார்கள். வெள்ளை வான் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினால் தேநீர்க்கடையில் பேச்சு நின்றுவிடும். ஆளைப் பிடிப்பது யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். இப்போது ஆளைப் பிடிக்காமலே காசு கேட்கலாம் என்று ஒருவன் கண்டுபிடித்திருக்கிறான். வானும் தேவையில்லை, பெற்றோலும் தேவையில்லை. சரோஜினிதேவியின் பாஸ்வேர்ட் மட்டும் போதும்.

அந்தப் பாஸ்வேர்ட் யாரிடம் இருந்தது என்று கேட்டால், யாரிடம் இல்லை என்றுதான் கேட்க வேண்டும்.

கடையின் பெயர் சென் அந்தனிஸ் கொமினிகேஷன். இரண்டு தொலைபேசிக் கூடுகள், நான்கு கம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின். கொன்ஸ்ரன்ஸ் கொட்டாஞ்சேனைக்காரி, துறைமுகத்தில் கிளாக்காக இருந்த சூசைதாசனின் மகள். கலியாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு நல்ல பதிலும் கிடைத்ததில்லை. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கிற தாய்தகப்பன்மார் வெள்ளவத்தையில்தான் அதிகம் என்பதால் கடையை இங்கே போட்டாள். அந்தச் சனத்துக்கெல்லாம் ஈமெயில் திறந்து கொடுத்தது அவள்தான். ஒழுங்கையில் உள்ள மற்றக் கடைகளுக்கும் அவள்தான். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட்: அந்தோனி, பிறகு பதின்மூன்று. கொச்சிக்கடை அந்தோனியாரும், அவள் பிறந்த கொட்டாஞ்சேனையின் தபால் இலக்கமான கொழும்பு பதின்மூன்றும். சைவக்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு.

யாராவது மறந்துபோய்க் கேட்டால், கவுண்டரில் இருந்தபடியே, "அந்தோனி பதின்மூண்டு, எல்லாம் சின்ன எழுத்து" என்று சத்தம் போடுவாள். மழைக்கு ஒதுங்கி நின்றவனுக்கும் அது கேட்டிருக்கும். ஒரு நாளில் எத்தனை தரம் கத்தினாளோ, அத்தனை தரமும் ஒழுங்கையின் கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருக்கிறாள். அந்தோனியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர். கதவுக்குக் காவல் நிற்பது அவருடைய வேலை அல்ல.

செய்தவன் யார் என்று தேடிப் பிரயோசனம் இல்லை என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கதிரைகளில் வந்து குந்திய எல்லோரும் செய்திருக்கலாம். கதவைப் பூட்டுவது ஒன்றுதான் வழி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாஸ்வேர்ட், அவளுக்குக்கூடத் தெரியாத பாஸ்வேர்ட். அதை எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

கட்டிடத்துக்காரர் சிவபாதசுந்தரம் அதற்கு முன்னே வந்துவிட்டார்.

ஒழுங்கையின் அந்த நான்கு கடைகளும் அவருடையவை. முன்னால் இருந்த பெரிய புடவைக்கடையை அவர் நடத்தினார். அடுத்தது தில்லைநாதனின் டிக்கெட் ஏஜென்சி, அடுத்தது ஸமீமாவின் தையல்கடை, கடைசி கொன்ஸ்ரன்ஸ். நான்கு கடைத் திறப்புகளிலும் ஒவ்வொன்று அவருடைய இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கும். தலைக்குக் கறுப்பு மை பூசுவார். யாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், அந்த நேரம் தான் சென்னையில் சேலை தெரிவுசெய்துகொண்டிருந்ததாகச் சொல்லுவார். "என்னை ஆரும் தொடேல்லை" என்று முடிப்பார். கேட்டவர்களுக்கு அது ஏதோ அவருடைய கெட்டித்தனம்போலப் படும்.

"கொன்ஸ்ரன்ஸ், இந்தக் கதையை இந்தக் கடைக்குள்ளயே வைச்சிரும்" என்றார். "வெளியில போனால் பொலிஸ் வரும். உம்மட பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவாங்கள். ஆர் ஆரோட கதைச்சது எண்டு ஒவ்வொருத்தரா விசாரிப்பாங்கள். பிறகு சனம் இந்த ஒழுங்கைக்குள்ள கால் வைக்காது. நாலு கடையும் போயிடும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் கொன்ஸ்ரன்ஸுக்கு இன்னும் கோபம் வந்தது.

"பொலிசுக்கு ஒண்டும் சொல்லல்ல ஐயா. ஆனா கஸ்டமர்மாருக்குச் சொல்லணும். உங்கட பாஸ்வேர்டும் அதுதான். தில்லைநாதன் அண்ணன்ட ஈமெயிலுக்குள்ள பாதி வெள்ளவத்தைட பாஸ்போட் கிடக்குது. அதை நாளைக்கு ஒருத்தன் திறந்தா?"

"என்ர ஈமெயிலை ஆர் பாக்கிறது? நான் என்ன மந்திரியே? நீர் வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

வாயைப் பொத்துவது கொன்ஸ்ரன்ஸின் பரம்பரையிலேயே இல்லை. அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது வாசலில் நின்று சத்தம் போட்டு வேலையை இழந்து, பிறகு அதே சத்தத்தைப் போட்டே திரும்பவும் வாங்கியவர்.

அடுத்த நாள் அவள் தில்லைநாதனிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அண்ணை சொன்னதைக் கேளும் பிள்ளை" என்றார். ஸமீமாவிடம் போனாள். அவள் கத்தரிக்கோலை வைக்காமலே, "நாங்க ஒண்டா ஈக்கிற ஆக்கள். ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சு என்னத்துக்கு?" என்று கேட்டாள். கடைக்கு வந்த வயதானவர்களிடம் சொன்னாள். அவர்களுக்கு மனம் நொந்துபோயிற்று. பாஸ்வேர்டை அவளுக்குத் தெரியாமல் வைக்கச் சொல்வது, அவளை நம்ப வேண்டாம் என்று சொல்வதாகப் பட்டது. மகன் கேள்வி கேட்டு அம்மாதானா என்று பார்க்க வேண்டும் என்றபோது இன்னும் மோசம். "என்ர பிள்ளை என்னை விசாரிக்கிறதோ? செக்பொயின்றோ இது?" என்றார் ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபர்.

கொன்ஸ்ரன்ஸ் அதற்கு மட்டும் நின்று பதில் சொன்னாள். "நான் கொட்டாஞ்சேனையில பஸ் ஏறி இங்க வந்து இறங்குறதுக்குள்ள, நான் நான்தான் எண்டு எத்தனை பேருக்கு ஐடென்டிட்டி காட்டுறன். ஆமிக்காரன் கேக்கிறது என்னை மடக்க. உங்கட பிள்ளை கேட்டா அது உங்களைக் காப்பாத்த. அவனுக்குக் காட்டுவீங்க, பிள்ளைக்குக் காட்ட மாட்டீங்களா?"

தபாலதிபர் யோசிக்கிறேன் என்று போய்விட்டார். யோசிக்கிறேன் என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

சொல்லி விளங்காத சனத்துக்குச் செய்து காட்ட வேண்டும் என்று அவள் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை. அந்தோனி பதின்மூன்று என்று அடித்து, சிவபாதசுந்தரத்தின் ஈமெயிலுக்குள் போனாள். கதவைத் தட்டவும் இல்லை, செருப்பைக் கழற்றவும் இல்லை. அங்கிருந்து ஒழுங்கைக் கடைகளுக்கும், அவருக்குத் தெரிந்த பக்கத்து வியாபாரிகளுக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். "வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு அறுபதாம் கலியாணம். குடும்பத்தோடு வரவும். மத்தியானம் சாப்பாடு உண்டு. அன்புடன் சிவபாதசுந்தரம்."

அடுத்த நாள் பத்து மணிக்கெல்லாம் புடவைக்கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாழ்த்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

"அண்ணை, நாங்கள் என்ன, உங்களுக்கு அவ்வளவு தூரமே?" என்றார் தில்லைநாதன். முகம் சிவந்திருந்தது. "பக்கத்துக் கடை. வாசலால இறங்கி வந்து ஒரு வாய் வார்த்தை சொல்ல ஏலாதோ? கலியாணத்துக்கு ஈமெயிலில சொல்லுற வழக்கம் எந்த ஊரில இருக்கு? என்ர மனுசி கேட்டிட்டு அழுகிறா."

"ஊட்டுக்கு வந்து செல்லாத சாப்பாட்டுக்கு நாங்க வரமாட்டம்" என்றாள் ஸமீமா.

சிவபாதசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "ஆற்ற கலியாணம்? என்ன கலியாணம்? எனக்கு ஐம்பத்தேழுதான்" என்றார். அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போதுதான் குரலில் உண்மையான வேதனை தெரிந்தது.

"நான்தான் அனுப்பின" என்றாள் கொன்ஸ்ரன்ஸ் பின்னாலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயாட ஈமெயிலில இருந்து, ஐயாட பேர்ல, நான் அனுப்பின. கள்ளத்தனம்தான், ஒத்துக்கொள்றன். ஆனா ஒண்டு கேக்கிறன். கலியாணத்துக்கு ஈமெயில்ல சொன்னா உங்களுக்குக் காணாது. ஆள் வீட்டுக்கு வரணும், முகத்தைப் பார்க்கணும், வாயால சொல்லணும், இல்லாட்டி அது அழைப்பே இல்ல எண்டு கோபிச்சுக்கொண்டு வந்து நிக்கிறீங்க. நல்லது. அப்ப அம்மாவைப் பிடிச்சிட்டம் எண்டு ஈமெயில்ல வந்தா மட்டும் ஏன் நம்பணும்? அதையும் வாயால கேக்கத் தேவையில்லையா? ஒரு நேரச் சோத்துக்கு இருக்கிற மரியாதை உயிருக்கு இல்லையா?"

தில்லைநாதன் தன்னுடைய கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. ஸமீமாதான் முதலில் சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புத்தான் சிவபாதசுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை.

"மாதம் முடிய என்ர கடையை விட்டிடும்" என்றார்.

"மாசம் முடியுமட்டும் கடை என்ட" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "அதுவரைக்கும் வாயும் என்ட."

திரும்பி நடந்துவந்து தன் கடைக்குள் நுழைந்த பிறகு அவளுக்கு அழுகை வந்தது. கடையைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. வெள்ளவத்தையில் தமிழ் ஆளுக்கு, அதுவும் தனியே இருக்கிற பொம்பிளைக்கு, இன்னொரு கடை வாடகைக்கு எடுப்பது லேசான காரியமும் இல்லை. சிங்கள வீட்டுக்காரர் பயப்படுவார், தமிழ் வீட்டுக்காரர் சிவபாதசுந்தரத்திடம் கேட்பார். எல்லாம் அவளுக்குத் தெரியும். மூக்கைச் சீறிவிட்டு, முதலாம் கம்பியூட்டரின் திரையைத் துடைத்து, அதில் அடிப்பதை வேறு யாரும் பார்க்க முடியாதபடி ஒரு மூலைக்குத் திருப்பி வைத்தாள்.

அன்று மத்தியானமே தில்லைநாதன் வந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "அந்தப் பாஸ்போட்டுகளை நினைக்க எனக்கு நித்திரை வராது பிள்ளை" என்றார். கொன்ஸ்ரன்ஸ் மாற்றுகிற இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டு, அந்தோனியார் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நீர் ஏன் அங்கால பாக்கிறீர்?"

"நீங்க அடிக்கிறது எனக்குத் தெரியக்கூடாது."

அவருக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனாலும் அடித்தார். அதற்குப் பிறகு ஸமீமா வந்தாள். பிறகு தபாலதிபரும் வந்தார், யோசித்து முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு. கடைக்குள் யார் வந்தாலும் கொன்ஸ்ரன்ஸ் சுவரைப் பார்த்து நிற்கிற பழக்கம் ஒழுங்கையெல்லாம் பரவியது. அவள் நாள் முழுக்க அந்தோனியாரைக் கும்பிடுகிறாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்தார்கள்.

சரோஜினிதேவி மட்டும் திரையைப் பார்த்தபடி வெகு நேரம் இருந்தார். பிறகு வெட்கத்தோடு, "பிள்ளை, நான் ஒரு நாளும் வாயால சொல்லாத பேர் ஒண்டு இருக்கு. அதைப் போடட்டே?" என்று கேட்டார்.

"உங்கட அவர்ட பேரா?"

"ஓம்."

"நீங்கதான் சொல்றதில்ல அம்மா. அது உங்கட வீட்டுப் படலையில பெரிய எழுத்தில எழுதிக் கிடக்கு. வேற யோசிங்க."

பாஸ்வேர்ட் போட்ட பிறகு ஒவ்வொருவரையும் தொலைபேசிக் கூட்டுக்குள் அனுப்பி, பிள்ளையோடு பேசி ஒரு கேள்வி வைத்துக்கொள்ளச் சொன்னாள். கடிதத்திலும் ஈமெயிலிலும் ஒரு நாளும் எழுதாத விஷயமாக இருக்க வேண்டும், தாய்க்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். கூட்டுக்குள்ளிருந்து சிலர் அழுதுகொண்டு வந்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எவர் என்ன கேள்வி வைத்தார் என்று அவள் கேட்கவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கனகேஸ்வரி வந்தார். சிவபாதசுந்தரத்தின் மனைவி. கோயிலுக்குப் போன கையோடு, திருநீறு அழியாமல், நேரே தொலைபேசிக் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நோர்வேயில் இருந்த மகன் கேதீஸ்வரனோடுதான் பேசினார். வெளியே வந்ததும், "இவர் மாத்தமாட்டாராம். மாத்தினால் உமக்குத் தோத்த மாதிரியாம். நான் என்ர பிள்ளையோட என்ர அலுவலைப் பாத்திட்டன். ஏதும் எண்டால் உம்மட கடைக்கு அடிக்கச் சொல்லியிருக்கிறன்" என்றார்.

"கடை இன்னும் ஒரு கிழமைதான் அக்கா."

"அதுக்கு நான் என்ன செய்யிறது, கொன்ஸ்ரன்ஸ்? நான் சொல்லி அந்த மனுசன் எதைக் கேட்டது?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாதக் கடைசி நாள் பின்னேரம் சிவபாதசுந்தரம் வந்தார். கையில் புது ஆமைப்பூட்டு ஒன்று, அட்டையோடு. கடைக்குள் சரோஜினிதேவி இருந்தார், தில்லைநாதன் ஒரு டிக்கெட்டைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். கொன்ஸ்ரன்ஸ் ஒரு சாமானையும் கட்டியிருக்கவில்லை.

"என்ன, இன்னும் ஏறக்கட்டேல்லையோ?"

"இல்ல. கட்டவும் மாட்டன்."

"இது என்ர கட்டிடம்."

"தெரியும் ஐயா. நீங்க பூட்டினா நான் வாசல்ல மேசை போட்டு உக்காருவன். மழை பெஞ்சா குடை பிடிப்பன். பொலிசைக் கூப்பிட்டுத் தூக்கப்போறீங்க எண்டா கூப்பிடுங்க. பொலிஸ் வரக்கூடாது எண்டு சொன்னதும் நீங்கதான்."

அவர் வாயைத் திறக்க, சட்டைப்பையில் மொபைல் அடித்தது. எடுத்துப் பார்த்தார். இலக்கம் விழவில்லை. அந்த நாட்களில் இலக்கம் விழாத அழைப்பை வியாபாரி எவரும் எடுப்பதில்லை, மிரட்டிக் காசு கேட்கிற கப்பக்காரன் என்றுதான் பயம். அதை நிறுத்திப் பைக்குள் போட்டார். உடனே திரும்பவும் அடித்தது, திரும்பவும் நிறுத்தினார். மூன்றாவதாகக் கடைத் தொலைபேசி அடித்தது. கொன்ஸ்ரன்ஸ் எடுத்தாள்.

"நான் கேதீஸ்வரன், நோர்வேயில இருந்து." குரல் அடக்கி வைத்த குரலாக இருந்தது. "அப்பாவைப் பிடிச்சிருக்கிறம் எண்டு அப்பாவின்ர ஈமெயிலில இருந்து வந்திருக்கு. அப்பா போனை எடுக்கிறார் இல்லை. அப்பா எங்கயெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"என்ட முன்னால நிக்கிறார் தம்பி. என்ட கடையைப் பூட்ட வந்திருக்கிறார்."

அவள் ரிசீவரைக் கொடுத்தாள். விஷயத்தையும் சொன்னாள். சிவபாதசுந்தரத்தின் முகம் வெளிறிப்போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"கேதீஸ், நான்தான்ரா. அப்பா. எனக்கு ஒண்டுமில்லை."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

"என்ன கேள்வி? நான்தான் எண்டு சொல்லுறன். என்ர குரல் தெரியேல்லையோ உனக்கு?"

திரும்பவும் கேட்டது. அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். தில்லைநாதன் இருந்தார், சரோஜினிதேவி இருந்தார், சத்தம் கேட்டு ஸமீமாவும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எண்பத்திமூண்டில உன்னை எங்க ஒளிச்சு வைச்சனான் எண்டோ?" என்றார். அந்தக் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "அதை இப்ப ஏன்ரா? இஞ்ச ஆக்கள் நிக்கினம். நான் பிறகு எடுக்கிறன்."

ரிசீவருக்குள்ளிருந்து வந்த குரல் இப்போது எல்லோருக்கும் கேட்டது. "இப்ப சொல்லுங்கோ. சொன்னால்தான் நம்புவன். சொல்லாட்டி நான் காசு கட்டத்தான் போறன்."

சிவபாதசுந்தரம் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அந்தோனியார் படத்துக்கு நேரே, எல்லோருக்கும் முதுகு காட்டி நின்றார்.

"நுகேகொடையில" என்றார். "பக்கத்து வீட்டு பியசீலி நோனாவின்ர குசினியில. அரிசிப் பெட்டிக்குள்ள. நீ மூச்சு விட எண்டு மூடிக்குக் கீழ அகப்பைக் காம்பு ஒண்டு வைச்சனான். அழாதை எண்டு சொன்னனான். நீ அழேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "நானும் கொம்மாவும் விறகுக்குப் பின்னால. அவங்கள் எங்கட வீட்டை எரிச்சுப்போட்டு, அந்தக் குசினி வாசலில வந்து தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனவங்கள்."

அந்தப் பக்கம் கேதீஸ்வரன் அழுகிற சத்தம் கேட்டது. பெரிய ஆம்பிளை, நோர்வேயில் எஞ்சினியர். சிவபாதசுந்தரம், "சரி, சரி ராசா, நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சென்னை என்றும் சேலை என்றும் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அந்த மனிதன்மேல் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கொன்ஸ்ரன்ஸுக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்குப் பரிதாபம் காட்டினால் அவர் அதை மன்னிக்கமாட்டார் என்பது மட்டும் தெரிந்தது. அவர் ரிசீவரை வைக்கும்வரை பொறுத்திருந்து, கடைக்கார முகத்தோடு சொன்னாள்.

"ஐயா, அந்தக் கேள்வி இனிச் சரிவராது. நாங்க இவ்வளவு பேர் கேட்டுட்டம். தம்பியோட கதைச்சு வேற ஒண்டு வைக்கணும்."

சிவபாதசுந்தரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏசப்போகிறார் என்று தில்லைநாதன் ஓர் அடி பின்னுக்கு வைத்தார். அவர் ஏசவில்லை. முதலாம் கம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"இதை எப்பிடி மாத்திறது?"

அவள் காட்டினாள். அவர் விரலை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டு பின்னால் பார்த்தார்.

"திரும்பி நில்லும்."

கொன்ஸ்ரன்ஸ் திரும்பினாள்.

"தில்லைநாதன், நீரும்தான்."

எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள், தொலைபேசி எடுக்க அப்போதுதான் உள்ளே வந்த ஒருவர்கூட என்னவென்று தெரியாமல் திரும்பி நின்றார். ஒற்றை விரலால் அடிக்கிற சத்தம் மெதுவாகக் கேட்டது. நின்றது. திரும்பக் கேட்டது.

"நீளமா இருந்தால் பிழையோ?"

"நீளம் நல்லது ஐயா. அடிங்க."

அவர் நிறைய நேரம் அடித்தார். எழும்பி வந்து, ஆமைப்பூட்டை அட்டையிலிருந்து பிய்த்தெடுத்துக் கவுண்டரில் வைத்தார். அதனோடு கட்டியிருந்த இரண்டு திறப்புகளையும் வைத்தார்.

"உம்மட வாசல் பூட்டு பழுதாப் போச்சு. இதைப் போடும்" என்றார். "ரெண்டு திறப்பும் உம்மட்டையே இருக்கட்டும். எனக்கு ஒண்டும் வேண்டாம்."

வேறு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். இடுப்பில் கொத்து வழக்கம்போலச் சத்தம் போட்டது.

சரோஜினிதேவி அவர் தன் கடைக்குள் நுழையும்வரை பார்த்திருந்துவிட்டு, கவுண்டருக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ன பிள்ளை போட்டவர்?"

"தெரியாது அம்மா" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். அது உண்மை. அந்தக் கட்டிடத்தில் அவரைத் தவிர வேறு ஒருவருக்குமே தெரியாத ஒன்று கடைசியில் இருந்தது. அதை நினைக்க அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.